அகமதாபாத் கட்டடக்கலைக் கல்லூரி வளர்ந்த விதம்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டடக்கலை படிப்பிக்கிற கட்டடத்துக்கு வேறெந்தக் கட்டடத்துக்கும் இல்லாத ஒரு தொல்லை உண்டு. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் அதைக் குறை சொல்லப் பயிற்சி பெறுகிறவர்கள். மற்றப் பீடங்களில் கூரை ஒழுகினால் வாளி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கே ஒழுகினால், ஏன் ஒழுகுகிறது என்று வெட்டுமுகம் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் படம்) வரைந்து சுவரில் ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தைப் பெருப்பிக்கப் போனால் கேட்கவே வேண்டாம். மாணவர் தொகை கூடும், புதிய துறைகள் வரும், ஆனால் பழைய சுவரில் கை வைக்க ஒருவரும் லேசில் விடமாட்டார்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தியாவின் அகமதாபாத்தில் உள்ள கட்டடக்கலைக் கல்லூரி. இன்று அது செப்ட் பல்கலைக்கழகம். வெயில் நாட்டில், பகட்டில்லாத பொருட்களால் கட்டப்பட்டு, ஒரேயடியாக அல்லாமல் துண்டு துண்டாக வளர்ந்த வளாகம் என்பதால் அது நமக்குக் கிட்டவான உதாரணம். வடக்கிலிருந்து கட்டடக்கலை படிக்க விரும்புகிற பிள்ளைகள் உயர்தரத்தையும் உளச்சார்புப் பரீட்சையையும் தாண்டிப் பெரும்பாலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறார்கள். அகமதாபாத் கட்டடத்தை அவர்களில் பலர் படத்தில் பார்த்திருக்கக்கூடும். படத்தில் கண்ணைப் பிடிப்பது செங்கல்லும் சாய்ந்த கண்ணாடியும். அவை இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடலாம்: அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தின் தோற்றத்தை அல்ல, அந்த வளாகம் எதைக் கட்டாமல் விட்டது என்பதை.

முதல் கட்டடம்

கல்லூரிக் கட்டடத்தை வடிவமைத்த பால்கிருஷ்ண தோஷி 1927இல் புனேயில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை செய்தார். பிறகு லெ கொர்பூசியேயின் அகமதாபாத் கட்டடங்களை மேற்பார்க்க இந்தியா திரும்பி, அங்கேயே தங்கிவிட்டார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் அகமதாபாத்தின் முகாமைத்துவக் கல்வி நிறுவனத்தை வடிவமைக்க வந்ததற்கும் தோஷிதான் முக்கிய காரணம். அந்த வேலை தொடங்கிய 1962ஆம் ஆண்டிலேயே, அகமதாபாத் கல்விச் சங்கத்தின் கீழ் கட்டடக்கலைக் கல்லூரியும் ஆரம்பமானது. தோஷி அதன் முதல் இயக்குநர். இப்போது நாம் காணும் கட்டடத்தின் முதல் கட்டம் 1966 முதல் 1968 வரை எழும்பியது.

அதன் அமைப்பு எளிமையானது. ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும் தடித்த செங்கல் சுவர்கள். அவற்றுக்கிடையே கொங்கிறீற் தளங்கள். சுவருக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு ஸ்ரூடியோ. உயரம் இரட்டை மாடி அளவு, உள்ளே ஒரு இடைத்தட்டு. கூரையில் வடக்குப் பார்த்துச் சாய்ந்த கண்ணாடி. தெற்குப் பக்கம் வெயில் நேரே புகாதபடி உள்வாங்கிய திறப்புகள். பூச்சு எதுவும் இல்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கும், கொங்கிறீற்றில் பலகைத் தடம் தெரியும். கட்டடத்தைப் பார்த்தே அது எப்படிக் கட்டப்பட்டது என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை படிக்கலாம்.

ஸ்ரூடியோவுக்குக் கீழே நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நிலம் முன்பு செங்கல் சூளை இருந்த இடம். மண் எடுத்த குழிகளும் மேடுகளும் இருந்தன. அதை நிரப்பிச் சமன் செய்து ஒரு மேசை போல ஆக்காமல், மேடு பள்ளத்தை வைத்துக்கொண்டே கட்டினார்கள். அதனால் கட்டடத்துக்கு அடியில், பாதி நிலத்துக்குள் இறங்கிய, பக்கங்கள் திறந்த ஒரு பெரிய நிழல் கிடைத்தது. படிகளில் இறங்கினால் கண்காட்சி நடக்கும், கூட்டம் நடக்கும், ஒன்றும் நடக்காதபோது பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். அந்த இடத்துக்கு நிரந்தர வேலை என்று ஒன்று கிடையாது. ஒரு பொறியியலாளர் கணக்குப் பார்த்தால் ‘வீணான சதுர அடி’ என்று எழுதியிருப்பார்.

வளர்ந்த விதம்

1972இல் நகரத் திட்டமிடல் கல்லூரி சேர்ந்தது. 1982இல் கட்டட விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், 1991இல் உள்ளக வடிவமைப்பு. 2005இல் எல்லாம் சேர்ந்து பல்கலைக்கழகம். அதே வளாகத்தில் கலைக் கூடங்களும் வந்தன. 1984இல் கனோரியா கலை மையம், 1990களின் நடுவில் ஓவியர் எம். எஃப். ஹுசைனுடன் சேர்ந்து தோஷி செய்த நிலத்தடிக் கலைக்கூடமான குஃபா. உடைந்த ஓட்டுச் சில்லுகள் பதித்த வெள்ளைக் குமிழ்கள் மட்டும் நிலத்துக்கு மேலே தெரியும், கூடம் முழுக்கக் கீழே.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒரு விசயம் புரியும். கட்டடம் ஒன்று நீண்டுகொண்டே போகவில்லை. உயர்ந்துகொண்டும் போகவில்லை. சுவர் – இடைவெளி – சுவர் என்ற ஒரு அலகு முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. புதிய துறை வந்தால் அதே அளவில், அதே செங்கல்லில், கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்டடம். நடுவில் இருந்த வெளியை எல்லோரும் பாவித்தார்கள், ஆனால் ஒரு துறையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க நமது காணி உறுதி ஒன்றே போதும். வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதும்போது வீட்டைப் பிரிப்பார்கள், பனைகளைக்கூட எண்ணிப் பிரிப்பார்கள். ஆனால் கிணற்றை ஒருவருக்கு எழுதமாட்டார்கள். ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று எல்லா உறுதியிலும் ஒரு வரி வரும். அகமதாபாத் வளாகத்தின் நடு வெளியும் அடிநிழலும் அப்படிப்பட்ட பங்குக் கிணறு. அதைப் பொதுவில் விட்டதால்தான் மற்றதை எல்லாம் துணிந்து பிரிக்க முடிந்தது.

இதற்கு மறுதலையான உதாரணம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே கட்டடக்கலைத் துறைத் தலைவராக இருந்த போல் ருடோல்ஃப் தன் துறைக்குத் தானே வடிவமைத்த கட்டடம் 1963இல் திறக்கப்பட்டது. வரிவரியாக வார்த்து, சுத்தியலால் முகம் கொத்திய கொங்கிறீற். உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட தள மட்டங்கள். ஓவியம் படிப்பவர்களும் சிற்பம் படிப்பவர்களும் அதே கட்டடத்தில் இடம் பெற்றார்கள், ஆனால் அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1969 ஜூன் மாதம் பெரிய தீ. அதன் பிறகு உள்ளே தடுப்புகள் போட்டு, தட்டு அடித்து, அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். 2008இல்தான் அதைத் திருத்தி, பக்கத்தில் கலை வரலாற்றுக்கென்று ஒரு புதிய கட்டடமும் ஒட்டித் திறந்தார்கள். செய்தவர் ருடோல்ஃபின் பழைய மாணவர் சார்ல்ஸ் குவாத்மி. செலவு 12 கோடி டொலருக்கும் மேல். முழுமையாக முடிந்துபோன சிற்பம் போன்ற கட்டடத்தில் எதைச் சேர்த்தாலும் ஒட்டாகவே தெரியும். குவாத்மியின் புதிய பகுதியைப் பற்றியும் அதே முறைப்பாடுதான் அதிகம் வந்தது. தோஷியின் கட்டடம் பார்வைக்கு அந்த அளவு மிரட்டாது. ஆனால் அடுத்து வருகிறவனுக்கு எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுக்கிறது.

நூலகம்

வளாகத்தின் உண்மையான சோதனை நூலகத்தில்தான் வந்தது. லீலாவதி லால்பாய் நூலகம் 2017இல் முடிந்தது. வடிவமைத்தவர் ராகுல் மெஹ்ரோத்ராவின் அலுவலகம். அவரும் அங்கே படித்தவர்தான். தோஷி அப்போது உயிரோடு இருந்தார், மறுவருடம் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிறிட்ஸ்கர் பரிசையும் பெற்றார் (இந்தியர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை; 2023 ஜனவரியில் காலமானார்). ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய முற்றத்தில் வீடு கட்டுகிற சங்கடம்.

மெஹ்ரோத்ரா செய்தது இதுதான்: கட்டடத்தின் ஏறக்குறைய பாதியை நிலத்துக்குள் இறக்கினார். மேலே தெரிகிற பகுதியின் உயரத்தைப் பழைய கட்டடங்களுக்கு அடங்கி நிற்க வைத்தார். புத்தக அடுக்குகள் கீழே, குளிர்ச்சியும் இருட்டும் உள்ள இடத்தில். வாசிப்பு மேலே, வெளிச்சத்தில். வெளிமுகத்தில் திருப்பித் திறந்து மூடக்கூடிய சட்டங்கள். செங்கல்லைப் போலி செய்யவில்லை. தோஷியின் முகப்பைப் பின்பற்றாமல் அவருடைய வெட்டுமுகத்தை, அதாவது நிலத்துக்குள் இறங்கி வெளிச்சத்துக்கு ஏறுகிற அந்த அசைவைப் பின்பற்றினார். விரிவாக்கம் என்ற வேலையில் இது சரியான முடிவு என்பது என் கருத்து. ஒரு குறையும் உண்டு. பொது வெளி எவ்வளவுதான் மதிக்கப்பட்டாலும் அதன் நடுவில் ஒரு கட்டடம் வந்துவிட்டால் வெளி கொஞ்சம் குறைந்துதான் போகும். அது நூலகம் என்பதால், எல்லோருக்கும் பொதுவானது என்பதால், மன்னிக்கலாம். நிருவாகக் கட்டடமாக இருந்தால் மன்னிக்க முடியாது.

வடக்கு வெளிச்சம் இங்கே எடுபடுமா

இனி நம் ஊருக்கு வருவோம். வரைபவர்களுக்கு வடக்கு வெளிச்சம் நல்லது என்பது புத்தக வாக்கியம். அது எந்த அகலக்கோட்டில் எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

அகமதாபாத் வடக்கே 23 பாகையில், கடகக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கக் கிட்டத்தட்டத் தெற்கிலேயே நிற்கும். ஜூன் 21ஐ ஒட்டி மூன்று கிழமை போல வடக்குப் பக்கம் தாண்டும், அதுவும் அரைப் பாகைக்கும் குறைவாக. கோடையில் காலையும் மாலையும் வடக்குக் கண்ணாடியில் வெயில் எட்டிப் பார்க்கும்தான். ஆனால் சூடு உச்சத்தில் உள்ள நேரத்தில் கண்ணாடி தப்பிவிடும். ஜூன் கடைசியில் இருந்து செப்ரெம்பர் வரை பருவமழை மேகம் வேறு.

யாழ்ப்பாணம் 9.7 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை, நாலரை மாதம், சூரியன் காலையில் இருந்து மாலை வரை வடக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஜூன் 21 நண்பகலில் தலைக்கு நேரே இருந்து வடக்கே ஏறத்தாழ 14 பாகை சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் பெரும்பாலும் இங்கே மழையும் குறைவு. அப்புறம் ஒக்ரோபரில் சூரியன் தெற்கே போய்விடும், ஆனால் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். வாடைக்காற்று மழையை எந்தப் பக்கத்தால் அடிக்கும்? வடகிழக்கால். ஆக, தோஷியின் கூரையை அப்படியே கொண்டுவந்து வைத்தால், வடக்குக் கண்ணாடி வருடத்தில் நாலரை மாதம் வெயிலை உள்ளே விடும், மாரியில் மழையை வாங்கும். வருடத்தின் பெரும்பகுதி மழை விழுகிற மாதங்கள் இவைதான் என்பதால் ஒழுக்கு என்பது சின்ன விசயம் அல்ல. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் விலனோவா ஆர்ட்டிகாஸ் வடிவமைத்து 1969இல் திறந்த கட்டடக்கலைப் பீடத்தின் மாபெரும் கூரை, அதன் மேல்வெளிச்சத்துக்காகப் புகழ் பெற்ற அளவுக்கு ஒழுக்குக்காகவும் பெயர் கெட்டது.

தீர்வு இல்லாமல் இல்லை. நிமிர்ந்து நிற்கிற ஒரு மீற்றர் உயரக் கண்ணாடிக்கு நண்பகல் வெயிலை மறைக்க 25 சென்ரிமீற்றர் தாழ்வாரம் போதும். காலை மாலை வெயில் கிழக்கிலும் மேற்கிலும் இருந்து சரிந்து வருவதால் அதற்குப் பக்கவாட்டுத் தகடுகள் வேண்டும். மழைக்கு அதுவும் போதாது. தாழ்வாரத்தைக் குறைந்தது ஒரு மீற்றருக்கு நீட்டவேண்டி வரும். இவ்வளவையும் செய்து முடித்தால் அது தோஷியின் சாய்ந்த கண்ணாடி போல இருக்காது. பதிந்த தாழ்வாரமுள்ள நம் ஊர் ஓட்டுக்கூரையின் உறவுக்காரன் போல இருக்கும். அப்படி இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தடித்த செங்கல் சுவரும் இதே கதைதான். அகமதாபாத்தில் மே மாதம் பகலில் 40 பாகை தாண்டும், காற்று காய்ந்தது. தடித்த சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி, உள்ளுக்குள் வர நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, ஈரப்பதன் அதிகம். சுவர் தடிப்பதால் பெரிய ஆறுதல் கிடையாது. இங்கே உடம்புக்கு வேண்டியது காற்றோட்டம். சோளகம் (தென்மேல் பருவக்காற்று) அடிக்கிற மாதங்களில் தெற்குப் பக்கம் திறந்திருந்தால் மின்விசிறி பாதி நேரம் தேவைப்படாது. செங்கல்லும் இங்கத்தைய பொருள் அல்ல. குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். இப்போது கட்டுவது பெரும்பாலும் சீமெந்துக் கல்லில். பூசாத கொங்கிறீற் அழகுதான். ஆனால் கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு ஏறி, கம்பி பருத்து, வெளிமுகம் வெடித்துக் கொட்டும். பூசாமல் விடுவதென்றால் கம்பிக்கு மேலே உள்ள கொங்கிறீற் மூடலின் தடிப்பில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

நிலத்துக்குள் இறங்குவதை நினைத்தே பார்க்க வேண்டாம். நூலகம் நிலத்துக்குள் இறங்கியது அங்கே பொருந்தும். இங்கே சில அடி செம்மண்ணுக்குக் கீழே பாறை. அதற்குள்ளேதான் நாம் குடிக்கிற தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு, கிணற்றை நம்பியே இருக்கிறது. மாரியில் நீர்மட்டம் ஏறும். அடித்தளத்தில் புத்தகம் வைத்தால் பம்பியை ஓடவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

திருநெல்வேலி வளவு

இதை ஒரு கற்பனையாக வைத்துப் பார்க்கலாம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் ஒரு கட்டடக்கலைக் கூடம் வருகிறது, பத்து வருடத்தில் அது இரட்டிக்கவும் வேண்டும்.

அந்த வளாகமே ஒரு விரிவாக்கத்தின் கதை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பள்ளிக்கூடமாகக் கட்டிய அறைகளும் விறாந்தைகளும் பல்கலைக்கழகமாகின. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகம். பரமேஸ்வரன் கோயிலும் வளவுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு வளர்ந்தபோது வளர்ச்சி வெளியே பாய்ந்தது. நுண்கலை மருதனார்மடத்தில். பொறியியலும் விவசாயமும் குடாநாட்டுக்கு வெளியே, கிளிநொச்சி அறிவியல்நகரில். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகவே பிரிந்து போய்விட்டது. இதற்கெல்லாம் காணி, யுத்தம், அரசியல் என்று பல காரணங்கள் உண்டு, அவற்றுக்குள் இங்கே போகவில்லை. திருநெல்வேலியில் மிஞ்சியிருக்கிற வெளியில் எதைக் கட்டினாலும் அது கடைசி வெளிகளில் ஒன்றைத் தின்னும் என்பது மட்டும்தான் நமக்கு வேண்டியது.

இந்த நிலையில் வழக்கமாக நடப்பது தெரிந்ததே. பணம் ஒதுக்கப்பட்டதும் நாலு மாடியோ ஐந்து மாடியோ, நடுவில் ஓடை போல ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் அறை, எல்லா அறைக்கும் ஏசி. ஓடைக்கு வெளிச்சம் பகலிலும் விளக்கில். கட்டடக்கலைக் கூடத்துக்கு இது மோசமான அமைப்பு. ஸ்ரூடியோவில் பிள்ளைகள் ஒருவருடைய வேலையை மற்றவர் பார்த்துத்தான் படிக்கிறார்கள். ஓடையும் பூட்டிய கதவும் அந்தப் பார்வையை அறுத்துவிடும்.

அகமதாபாத்தின் முறையை இங்கே நடத்துவதென்றால், முதலாவது கட்டடத்தின் வரைபடத்துக்கு முன்னரே நில அளவைப் படத்தில் பங்கு நிலத்தைக் குறித்துவிடவேண்டும். எந்தத் துறையும், எந்த உபவேந்தர் காலத்திலும், அதில் கட்டுவதில்லை என்று எழுத்தில். பிறகு அலகு. ஒரு வகுப்புக்கு ஒரு அலகு, சோளகத்துக்குக் குறுக்கே கிழக்கு மேற்காக நீளும் ஒடுங்கிய கூடம், இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற அகலத்தில் விறாந்தை. விறாந்தைதான் கண்காட்சிச் சுவரும். இரண்டு மாடிக்கு மேல் போகவேண்டிய தேவை வந்தால் அது அலகு போதவில்லை என்று அர்த்தம் அல்ல. மாணவரைக் கூட்டிய வேகம் சரியில்லை என்று அர்த்தம்.

நிழலான அடிவெளியை நிலத்தைத் தோண்டிப் பெற முடியாது, ஆகவே தூக்கிப் பெறவேண்டும். கீழ்த்தளத்தைத் தூண்களில் திறந்து விடலாம். இதற்கு வருகிற எதிர்ப்பையும் இப்போதே சொல்லலாம். திறந்த கீழ்த்தளம் ஒரு வருடத்தில் மோட்டார் சைக்கிள் தரிப்பிடம் ஆகிவிடும். உண்மைதான், எத்தனையோ கட்டடங்களில் ஆகியிருக்கிறது. அகமதாபாத்தில் தப்பியது அந்த இடத்துக்குப் படிகளால்தான் இறங்க முடியும் என்பதால். இங்கே தரையை இரண்டு படி உயர்த்தினாலே போதும். கைச்சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் வைத்து, அதன் வாயில் ஒரு தூணை நட்டுவிடலாம்.

தீராமல் இருக்கிற கேள்வி ஒன்று உண்டு. 1968இல் மாணவர் கையில் இருந்தது வரைபலகை. மேலே இருந்து விழுகிற வெளிச்சம் அதற்கு அருமையானது. இன்றைக்கு மேசையில் இருப்பது மடிக்கணினி. அதே வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. பிள்ளைகள் திரைச்சீலையை இழுத்து விடுவார்கள், பிறகு விளக்கைப் போடுவார்கள், பிறகு சூடு என்று ஏசி கேட்பார்கள், ஏசிக்காக யன்னலை அடைப்பார்கள். காற்றோட்டத்துக்காகச் செய்த கட்டடம் இப்படித்தான் படிப்படியாகப் பெட்டியாகிறது. இதற்கு நான் வைக்கிற யோசனை, ஸ்ரூடியோவையும் கணினியையும் ஒரே கூடத்தில் திணிக்காமல், அலகின் வடக்கு ஓரத்தில் தாழ்ந்த கூரையுடன் மூடிய சிறு அறை ஒன்றைக் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் ஒதுக்குவது. ஏசி அங்கே மட்டும். மாதிரி செய்வதும், வரைவதும், விமர்சனமும் வெளியே, காற்றில். அந்தச் சிறு அறையின் கூரைக்கு மேலே எழும்புகிற சுவரில்தான் வடக்கு வெளிச்சத்துக்கான திறப்பு வரும், நிமிர்ந்து, ஒரு மீற்றர் தாழ்வாரத்தோடு. அறையின் கூரையில் வெள்ளை பூசிவிட்டால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துத் தாழ்வாரத்துக்குக் கீழால் கூடத்துக்குள் போகும். பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டப்படப் போவதும் அந்தத் தாழ்வாரம்தான். அதனால் அதைக் கூரையின் சட்டத்தோடு ஒன்றாக வரைந்து, விலைமனுவில் தனி உருப்படியாகக் காட்டாமல் விடவேண்டும்.